பத்தாம் நாள் காய்ச்சல்: கழிவு வெளியேறுகிறதா, நோய் வளர்கிறதா?

செந்தளிர் (தொடக்கப் பதிவு, மாலை 6.10)

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு 61 வயது. மூட்டுவலியும், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இருக்கின்றன. உறவினர் ஒருவர் சொன்னதன் பேரில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள ஒரு மாற்று மருத்துவ நிலையத்தில் 21 நாள் சிகிச்சையில் சேர்த்தோம். காலையில் பழச்சாறு, மதியம் வேகவைத்த காய்கறி, வாரத்தில் மூன்று நாள் தொடுசிகிச்சை என்பது முறை. முதல் நாளே சர்க்கரை மாத்திரைகளை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்திவிட்டோம். முதல் வாரம் அம்மா உற்சாகமாகவே இருந்தார்.

பத்தாம் நாள் காய்ச்சல் வந்தது. இன்று மூன்றாம் நாள். நேற்று இரவு 102 டிகிரி இருந்தது, நடுக்கமும் இருந்தது. சிகிச்சை தரும் ஹீலரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் மகிழ்ச்சியோடு பேசினார். உடல் விழித்துக்கொண்டது, பல ஆண்டுக் கழிவு எரிந்து வெளியேறுகிறது, இந்த நேரத்தில் மாத்திரை கொடுத்தால் கழிவு உள்ளேயே தங்கிப் பெரிய நோயாக மாறும் என்றார். அம்மாவும் அதை முழுமையாக நம்புகிறார். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் வழக்கத்துக்கு மாறான வாடையும் இருப்பதைக்கூட, கழிவு இறங்குவதன் அடையாளம் என்று அவரே எனக்கு எடுத்துச் சொல்கிறார்.

நான் எந்த மருத்துவ முறைக்கும் எதிரி அல்ல. என் கேள்வி ஒன்றுதான்: குணமாவதால் வரும் காய்ச்சலையும், நோயால் வரும் காய்ச்சலையும் வீட்டில் இருப்பவர் எப்படிப் பிரித்து அறிவது?

மண்வாசனை (மாலை 6.55)

சகோதரி, பயப்படாதீர்கள். எட்டு ஆண்டுகளாக நானும் என் குடும்பமும் இந்த வழியில்தான் வாழ்கிறோம். என் பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சல் வரும்போது இளஞ்சூட்டில் வெந்நீர், பசித்தால் மட்டும் கஞ்சி, நிறைய ஓய்வு, இவ்வளவுதான் கொடுத்திருக்கிறோம். இரண்டு மூன்று நாளில் முன்னைவிடத் தெளிவாக எழுந்து விளையாடியிருக்கிறார்கள். காய்ச்சலை எதிரியாகப் பார்க்கும் பழக்கம் விளம்பரங்கள் நமக்குக் கற்றுக்கொடுத்தது என்பது என் உறுதியான எண்ணம்.

இது வெறும் நம்பிக்கையும் அல்ல. 1975இல் அமெரிக்காவில் பாலைவன இகுவானா என்னும் பல்லி இனத்தை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அந்த விலங்குகளால் தம் உடலுக்குள் வெப்பத்தை உண்டாக்க இயலாது. வெப்பமான இடத்தைத் தேடிப் போய்த்தான் உடலைச் சூடாக்கிக்கொள்ளும். கிருமித்தொற்று ஏற்படுத்தப்பட்டவற்றில் சூடான இடத்தில் இருந்தவை பெரும்பாலும் பிழைத்தன. குளிர்ந்த இடத்தில் வைக்கப்பட்டவை பெருமளவில் இறந்தன. காய்ச்சல் உடலின் தற்காப்பு என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆஸ்திரிய மருத்துவர் வாக்னர் யௌரெக் 1917இல் நோயாளிகளுக்கு வேண்டுமென்றே மலேரியாக் காய்ச்சலை உண்டாக்கி, சிபிலிஸ் என்னும் பால்வினை நோய் முற்றியதால் வந்த மூளைநோயைக் குணப்படுத்தினார். 1927இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். அம்மாவின் உடல் தன் வேலையைச் செய்கிறது. செய்ய விடுங்கள்.

தஞ்சை மருத்துவர் (இரவு 7.40)

செந்தளிர் அம்மா, விவாதத்துக்குள் போகும் முன் ஒரு வேண்டுகோள். நீங்கள் எழுதியவற்றில் என்னைக் கவலைப்படுத்துவது காய்ச்சலின் அளவு அல்ல. நடுக்கத்துடன் வரும் காய்ச்சல், சிறுநீர் எரிச்சல், வாடை, நிறுத்தப்பட்ட சர்க்கரை மாத்திரை, அதோடு தினமும் பழச்சாறு: இந்த ஐந்தும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பதுதான். இன்று இரவே அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ உங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடமோ அழைத்துச் சென்று, ரத்தத்தில் சர்க்கரை அளவு, ரத்த அணுக்களின் எண்ணிக்கை, சிறுநீர்ப் பரிசோதனை ஆகிய மூன்றையும் பாருங்கள். இடுப்புக்கு மேலே பின்புறம் வலி இருக்கிறதா, வாந்தி உண்டா, பேச்சில் தடுமாற்றம் உண்டா என்பதையும் கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்க வேண்டாம்.

மண்வாசனை ஐயா சொன்னவற்றில் பாதியை நான் மறுக்கவில்லை. கிருமி உள்ளே வந்ததும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவற்றின் தூண்டுதலால் மூளையின் ஹைபோதலாமஸ் பகுதியில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, உடலின் வெப்ப அளவு மேலே ஏற்றி வைக்கப்படுகிறது. அந்த அளவை எட்டும் வரை நமக்குக் குளிர்கிறது, நடுங்குகிறோம். பாரசிட்டமால் இந்தச் சுரப்பைக் குறைக்கிறது. அவ்வளவுதான், அது கிருமியைத் தொடுவதில்லை. காய்ச்சலைக் குறைப்பதே சிகிச்சை என்று விவரம் அறிந்த மருத்துவர் யாரும் சொல்வதில்லை. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 700 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், பாரசிட்டமால் பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் தீவிர சிகிச்சையிலிருந்து விடுபட்ட நாள்களில் வேறுபாடு தெரியவில்லை.

ஆகவே, மாத்திரை போடுவதா வேண்டாமா என்பது இங்கே சிறிய கேள்வி. எதனால் இந்தக் காய்ச்சல் என்பதே பெரிய கேள்வி. அந்தப் பல்லிகளின் உடலில் கிருமி இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. காய்ச்சல் தற்காப்பு என்றால், எதை எதிர்த்துத் தற்காப்பு? வீட்டு நாய் இரவெல்லாம் குரைத்தால் நாயின் விழிப்பைப் பாராட்டலாம். ஆனால் எழுந்துபோய் வாசலைப் பார்க்காமல் இருக்க முடியாது. வாக்னர் யௌரெக்கும் மலேரியாவை அதன் போக்கில் விட்டுவிடவில்லை. கையில் மலேரியா மருந்தான குயினைனை வைத்துக்கொண்டு, காய்ச்சல் எத்தனை முறை ஏறியது என்று எண்ணி, குறித்த அளவு ஆனதும் நிறுத்தினார். அப்படியும் சிலர் இறந்தார்கள். பென்சிலின் வந்ததும் அந்த முறை வழக்கொழிந்தது.

தண்பொருநை (இரவு 8.30)

நான் யோகா, இயற்கை மருத்துவத்தில் ஐந்தரை ஆண்டுப் பட்டப்படிப்பு முடித்துப் பணிபுரிபவள். இந்தச் சொல் எங்கள் துறையிலிருந்து போனது என்பதால் இதைப் பற்றிப் பேசும் கடமை எனக்கு இருக்கிறது.

‘கழிவு எரிகிறது’ என்று இன்று தமிழ்நாட்டில் சொல்லப்படுவதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லைப்சிக் நகரத்தில் வாழ்ந்த லூயி கூனே, எல்லா நோய்க்கும் உடலில் தேங்கும் அந்நியப் பொருளே ஒற்றைக் காரணம் என்றும், அந்தப் பொருள் நொதிப்பதே காய்ச்சல் என்றும் எழுதினார். பிறகு அமெரிக்காவின் சிகாகோவில் ஹென்றி லிண்ட்லார் ‘ஹீலிங் கிரைசிஸ்’, அதாவது குணமாகும்போது வரும் நெருக்கடி, என்ற கருத்தை விரித்தார். ஆனால் இன்று அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பலரும் அறியாத செய்தி, லிண்ட்லார் அதனுடன் இன்னொரு சொல்லையும் வைத்திருந்தார் என்பதே: நோயின் கை ஓங்கும் கிரைசிஸ். இரண்டும் வேறு, இரண்டையும் பிரித்தறிய வேண்டும் என்பது அவருடைய கொள்கையின் பகுதி. அந்தப் பிரிவு சரியா என்பது வேறு விவாதம். நம் ஊருக்கு வரும் வழியில் இரண்டாவது சொல் தொலைந்துபோய், வருவதெல்லாம் குணமாதல் என்ற ஒரே சொல் மட்டும் நின்றுவிட்டது.

காந்தியடிகள் கூனேயின் முறைகளில் பெரும் நம்பிக்கை கொண்டிருந்தார். 1902இல் பம்பாயில் அவருடைய மகன் மணிலாலுக்குக் கடுமையான டைபாய்டு வந்தது. நிமோனியா அறிகுறிகளும் சேர்ந்திருந்தன. முட்டையும் கோழிச் சாறும் கொடுக்கும்படி பார்சி மருத்துவர் சொன்னதை அவர் ஏற்கவில்லை; இடுப்புக் குளியலும் ஈரத்துணிச் சுற்றும் கொடுத்தார். காய்ச்சல் 104 வரை போனது. இதுவரை எல்லோரும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் அதே மருத்துவரிடம், நீங்கள் வந்து பையனின் நாடியையும் நெஞ்சையும் பரிசோதித்து நிலையைச் சொல்ல வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டார், மருத்துவரும் சம்மதித்தார். மகன் பிழைத்த பிறகு, இது கடவுளின் அருளாலா, நீர்ச்சிகிச்சையாலா, உணவாலும் கவனிப்பாலுமா என்று யாரால் சொல்ல முடியும் என்றே எழுதினார். தன் முறை வென்றது என்று அவர் முடிவு கட்டவில்லை. ஒரு குழந்தைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் அந்த நேர்மையைப் பரிந்துரைப்பேன்.

பழச்சாறு உபவாசத்தின் முதல் சில நாள்களில் தலைவலி, சோர்வு, வாய்க்கசப்பு வருவதை நாங்கள் பார்க்கிறோம். காபியை நிறுத்தியது, உப்பும் நீரும் குறைந்தது, மாவுச்சத்து குறைந்தது என்று அவற்றுக்கு எளிய காரணங்கள் உண்டு. 102 டிகிரியும் நடுக்கமும் அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் மருத்துவமனையில் உள்நோயாளிக்கு இப்படிக் காய்ச்சல் வந்தால் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காரணம் தேடுவோம். சர்க்கரை மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தச் சொன்னதும், சர்க்கரை நோயாளிக்கே பழச்சாறு கொடுத்ததும் என்னை மிகவும் வருத்துகின்றன.

மண்வாசனை (இரவு 9.05)

மருத்துவர் ஐயாவுக்கும் அம்மையாருக்கும் நன்றி. ஒரு கேள்வி. ஆங்கில மருத்துவத்திலேயே மருந்து கொடுத்ததும் காய்ச்சல் ஏறி, பிறகு குணமாவது உண்டே? யாரிஷ் ஹெர்க்ஸ்ஹைமர் எதிர்வினை என்று பெயரே இருக்கிறது. உங்கள் முறையில் நடந்தால் அறிவியல், எங்கள் முறையில் நடந்தால் ஆபத்து என்பது நியாயமா?

தஞ்சை மருத்துவர் (இரவு 9.35)

நியாயமான கேள்வி. இந்த விவாதத்தின் மையமே அதுதான் என்று நான் நினைப்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

1895இல் யாரிஷும் 1902இல் ஹெர்க்ஸ்ஹைமரும், சிபிலிஸுக்குப் பாதரச மருந்து பெற்றவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். திருகு வடிவக் கிருமிகளால் வரும் சில நோய்களில், அதாவது சிபிலிஸ், எலிக்காய்ச்சல், மீள்காய்ச்சல், லைம் போன்றவற்றில், மருந்தால் கிருமிகள் மொத்தமாக அழியும்போது அவற்றின் சிதைவுகள் ரத்தத்தில் கலந்து காய்ச்சலை உண்டாக்குகின்றன. முதல் வேளை மருந்துக்குப் பிறகு சில மணி நேரத்தில் அது தொடங்கும். பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் அடங்கிவிடும்.

இதில் எத்தனை நிபந்தனைகள் இருக்கின்றன என்று பாருங்கள். எந்த நோய், எந்தக் கிருமி, எந்த மருந்து, எத்தனை மணி நேரத்தில் தொடங்க வேண்டும், எப்போது முடிய வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருக்கின்றன. நான் ஒரு நோயாளிக்கு இது அந்த எதிர்வினைதான் என்று சொல்லி, மறுநாள் மாலையும் காய்ச்சல் நின்றபாடில்லை என்றால், நான் சொன்னது தவறு என்று எனக்கே தெரிந்துவிடும்; வேறு காரணத்தைத் தேட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். தவறு என்று தெரிய வழி வைத்திருப்பதால்தான் அந்தப் பெயருக்கு மதிப்பு.

செந்தளிர் அம்மாவின் வீட்டில் அப்படியா இருக்கிறது? காய்ச்சல் வந்தால் கழிவு வெளியேறுகிறது, வராவிட்டால் உடல் இன்னும் தயாராகவில்லை, ஏறினால் வேகமாகக் குணமாகிறது, இறங்கினால் குணமாகிவிட்டது, சிறுநீர் எரிந்தாலும் நல்லதே. எது நடந்தாலும் பொருந்துகிற விளக்கம் நோயாளிக்கு எதையும் எச்சரிக்காது. ஐயா, உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். இது குணமாவதன் காய்ச்சல் என்று சொல்லும் அந்த வேளையிலேயே, எந்த நாளில் எந்த அறிகுறி தெரிந்தால் அப்படி அல்ல என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். நோயாளியின் வீட்டார் அதை எழுதி வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் உண்டு. சிகிச்சையே காய்ச்சலை உண்டாக்கலாம். அது குணமாவதன் காய்ச்சலாக இருக்க வேண்டியதில்லை. மருந்து எதுவாயினும், மாத்திரையோ லேகியமோ சூரணமோ, ஒவ்வாமையால் காய்ச்சல் வரலாம். மருந்து தொடங்கி இரண்டு முதல் எட்டு வாரங்களுக்குள் காய்ச்சலும் தோல் தடிப்பும் முகவீக்கமும் சேர்ந்து வந்தால் அது கல்லீரலைத் தாக்கும் கொடிய ஒவ்வாமையாக இருக்கக்கூடும். அப்போது செய்ய வேண்டிய முதல் வேலை அந்த மருந்தை நிறுத்துவது. குணமாகிறது என்று நம்பித் தொடர்ந்தால் விளைவு நேர்மாறாகும்.

காவிரிக்கரையான் (இரவு 10.15)

எழுத வேண்டாம் என்றிருந்தேன். மருத்துவர் ஐயா ‘இறங்கினால் குணமாகிவிட்டது’ என்று குறிப்பிட்டதால் எழுதுகிறேன்.

என் தம்பிக்கு அப்போது 24 வயது. மழைக்காலம். கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடல்வலி. எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான ஒரு ஹீலர் நான்கு நாளும் தண்ணீரும் எலுமிச்சைச் சாறும் மட்டும் கொடுக்கச் சொன்னார். ஐந்தாம் நாள் காலையில் நெற்றி குளிர்ந்துவிட்டது. கழிவு முழுவதும் போய்விட்டது என்று வாழ்த்தினார். அம்மா சாமிக்கு விளக்கேற்றினார். அன்று மதியம் தம்பி வயிற்று வலி என்றான். திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தான். மாலையில் கையும் காலும் சில்லிட்டு, எழுந்து நிற்க இயலாமல் சரிந்தான். டெங்கு. ஆறு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தான்.

அங்கிருந்த மருத்துவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது. டெங்குவில் ஆபத்து காய்ச்சலின் உச்சத்தில் இல்லை; காய்ச்சல் இறங்கும்போது தொடங்குகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வெப்பம் தணியும் அந்த வேளையில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி கசிகிறது. ஒன்றிரண்டு நாள் நீடிக்கும் அந்தக் கசிவின்போது ரத்தம் கெட்டிப்பட்டு, அழுத்தம் விழுகிறது. நாங்கள் விளக்கேற்றிய காலைதான் அவனுக்கு மிக ஆபத்தான காலை.

என் மனத்தை இன்றும் அறுப்பது அதற்குப் பிறகு நடந்தது. ஹீலரிடம் போய்க் கேட்டேன். மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் குணமாதலைப் பாதியில் கெடுத்துவிட்டீர்கள் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதை உண்மையாகவே நம்பினார்.

பொதிகைச்சாரல் (இரவு 10.50)

சித்த மருத்துவன் என்ற முறையில் சுருக்கமாக ஒன்று. இந்தக் கருத்து நம் மரபு என்ற பெயரில் பரப்பப்படுவதால் எழுதுகிறேன். சித்த மருத்துவத்தில் யூகி முனிவர் வழிவந்த பகுப்பில் சுரம் 64 வகை. காய்ச்சல் எல்லாம் ஒன்றே, எல்லாம் நன்மையே என்று எண்ணியிருந்தால் அந்த முன்னோர் ஏன் 64 என்று எண்ணிப் பிரித்திருப்பார்கள்? நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், நாடி, ஸ்பரிசம் (தொட்டுப் பார்த்தல்) என்று எட்டு வகைத் தேர்வுகளும் எதற்கு? செந்தளிர் அம்மையார் சொன்ன சிறுநீரின் வாடையும் எரிச்சலும் அந்த எட்டில் ஒன்றின் கீழ் வருகின்றன. அவற்றைப் பார்த்து விசாரிக்காமல் வாழ்த்துச் சொல்லும் மருத்துவம் எந்த ஏட்டிலும் இல்லை. சுரத்தின் தொடக்கத்தில் லங்கணம், அதாவது உணவைக் குறைத்தல், ஆயுர்வேதத்திலும் சித்தத்திலும் உண்டு. ஆனால் அது சிகிச்சையின் ஒரு பகுதி. யாருக்கு ஆகாது என்றும் கூடவே சொல்லப்பட்டிருக்கிறது. வயது முதிர்ந்த, மெலிந்த, மதுமேகம், அதாவது சர்க்கரை நோய், உள்ள ஒருவரைப் பட்டினி போட்டுக் காத்திருப்பது லங்கணம் ஆகாது.

செந்தளிர் (மறுநாள் காலை 11.20)

நேற்று இரவு 9 மணிக்கே அம்மாவை அழைத்துச் சென்றோம். அவர் வர மறுத்தார். மாத்திரை எதுவும் போட வேண்டாம், ரத்தமும் சிறுநீரும் மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று சொன்ன பிறகே வண்டியில் ஏறினார். அந்தச் சொல்லை என்னால் காப்பாற்ற முடியவில்லை என்பது எனக்கு வருத்தம்.

சர்க்கரை 380. வெள்ளணுக்கள் 18,000. சிறுநீரில் சீழ் அணுக்கள் நிறைய. வலது பக்கம் முதுகில் தட்டியபோது அம்மா அலறிவிட்டார். மூன்று நாளாக அந்த வலி இருந்திருக்கிறது. அதுவும் கழிவு என்று எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறார். சிறுநீரகம் வரை தொற்று ஏறிவிட்டது என்றார்கள். ஊசி வழியாக ஆன்டிபயாடிக்கும் இன்சுலினும் போய்க்கொண்டிருக்கின்றன. காலையில் 100 டிகிரிக்கு இறங்கியிருக்கிறது. அம்மா இட்லி கேட்டார்.

இரவு முழுவதும் என்னிடம் ஒன்றும் பேசாமல் இருந்தவர், விடிந்ததும், அப்போது அது கழிவு இல்லையா என்று கேட்டார். சீழ் கழிவுதானே அம்மா, ஆனால் தானாகப் போகாத கழிவு என்று சொன்னேன். சரியான பதிலா என்று தெரியவில்லை. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மண்வாசனை (பிற்பகல் 1.10)

சகோதரி, அம்மா தேறி வருவது அறிந்து மனம் நிம்மதியாயிற்று. நேற்று மாலை ‘செய்ய விடுங்கள்’ என்று எழுதியது நான். நீங்கள் என் சொல்லைக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இரவெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தேன். என்னை மன்னிக்க வேண்டும். உங்கள் பதிவில் சர்க்கரை நோய் என்று இருந்தது, சிறுநீர் எரிச்சல் என்று இருந்தது. இரண்டையும் படித்துவிட்டே அப்படி எழுதினேன்.

காய்ச்சலைப் பற்றிய என் எண்ணம் முழுவதும் மாறிவிட்டது என்று சொன்னால் அது உண்மையாகாது. சளிக்காய்ச்சலுக்கு என் பிள்ளைகளுக்கு ஓய்வும் கஞ்சியும்தான் கொடுப்பேன். ஆனால் மருத்துவர் ஐயா கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். எட்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட, எப்போது நான் தவறு என்று முன்கூட்டி யோசித்ததில்லை. ஐயா, வீட்டில் எழுதி ஒட்டிவைக்கும்படி நீங்களே சொல்லுங்கள். எப்போது காத்திருக்கலாம், எப்போது கூடாது?

தஞ்சை மருத்துவர் (பிற்பகல் 2.00)

இதை எழுதுவது எளிதல்ல ஐயா. எழுதியதற்காக உங்களை மதிக்கிறேன்.

மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பிணிகள், சர்க்கரை நோயாளிகள், புற்றுநோய் மருந்து பெறுவோர், முதியவர்கள் ஆகியோருக்கு முதல் நாளே பரிசோதனை தேவை. நல்ல உடல்நிலையில் உள்ள மற்றவர்கள் இரண்டு நாள் வரை ஓய்வோடும் போதிய நீரோடும் பார்க்கலாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நீடித்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். மூச்சுத்திணறல், விடாத வாந்தி, வயிற்று வலி, குழப்பமான பேச்சு, வலிப்பு, கழுத்து விறைப்பு, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, இவற்றில் எது வந்தாலும் நாள் கணக்கைப் பார்க்க வேண்டாம். காய்ச்சல் இறங்கிய பின் ஆள் சோர்ந்துகொண்டே போனாலும் அப்படியே. உடலில் எங்கேனும், குறிப்பாக அக்குளிலும் தொடையிடுக்கிலும், சிகரெட் சுட்டதுபோன்ற கருப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். நம் மாவட்டங்களில் உண்ணிக் காய்ச்சல் நிறைய வருகிறது; அது டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையில் அடங்கிவிடும், விட்டுவிட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும். மருத்துவரைப் பார்க்கும் வரை, டெங்கு இல்லை என்று தெரியும் வரை, பாரசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதுவும் வேண்டாம்.

செந்தளிர் அம்மா, காய்ச்சல் நின்றதும் ஊசியை நிறுத்தச் சொல்லி அம்மா கேட்பார். மருத்துவர் குறித்த நாள்கள் முழுவதும் முடியட்டும்.

செந்தளிர் (மாலை 5.45)

சொன்னதுபோலவே இன்று மதியம் கேட்டுவிட்டார் ஐயா. தண்பொருநை அம்மாவிடம் ஒரு வேண்டுகோள்: மூட்டுவலிக்கான பயிற்சியும் காய்கறி உணவும் அம்மாவுக்குப் பிடித்திருந்தன, அவற்றை மட்டும் மாத்திரைகளோடு சேர்த்துத் தொடரலாமா என்று அவரே உங்களிடம் கேட்கச் சொன்னார். சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையின் முடிவு நாளை மறுநாள் வரும். வந்ததும் எழுதுகிறேன்.